புடவைக் கொசுவத்தைத் துரத்தும் குட்டி

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். மாடிப்படிக்குக் கீழே தனியாகக் கிடந்த பூனைக்குட்டியை நாலு வாரத்தில் எடுத்து, பாலாடையில் ஊட்டி வளர்த்தீர்கள். இப்போது அதற்குப் பத்து வாரம். கையைக் கண்டால் பாய்ந்து கட்டிப்பிடித்துக் கடிக்கிறது, நடந்தால் கணுக்காலில் தொங்குகிறது. ஆறு வயது மகளுக்குக் கையெல்லாம் கீறல், போன வாரம் ஒரு கடியில் ரத்தமும் வந்துவிட்டது. மாமியார், "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும், இப்பவே கொண்டுபோய் விட்டுடு" என்கிறார். கணவர், "குட்டிதானே, வளர்ந்தா சரியாயிடும்" என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள்.

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. இந்தப் பழக்கம் தானாகப் போகாது என்பதில் மாமியார் சரி. இது குட்டியின் கெட்ட குணம் இல்லை என்பதில் உங்கள் கணவர் சரி. எனக்குக் கால்நடை மருத்துவப் படிப்பு கிடையாது. பதினாலு வருடமாகத் தெருவில் கிடைக்கிற குட்டிகளை எடுத்து வளர்த்து, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். என் இடது மணிக்கட்டைப் பார்த்தால் அந்தப் பதினாலு வருடமும் தெரியும்.

கடியைப் பற்றி முதலில் பேசிவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம். ரத்தம் வந்த இடத்தில் மஞ்சள் வைத்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவதுதான் முதல் வைத்தியம். பதினைந்து நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளமானது, கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். அடுத்தது ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனை. வெறிநோய் நாய்க்கடியில் மட்டும் வருவதில்லை, பூனைக்கடியிலும் வரும். உங்கள் குட்டியின் தாய் எது என்று தெரியாது, அதற்குத் தடுப்பூசி போடும் வயதும் இன்னும் ஆகவில்லை. தோல் கிழிந்து ரத்தம் வந்த கடியை மருத்துவர்கள் மூன்றாம் வகை என்று கணக்கில் எடுப்பார்கள். அதற்குத் தடுப்பூசியோடு, கடிவாயிலேயே போடுகிற இம்யூனோகுளோபுலின் மருந்தும் உண்டு. ஊசி ஒரே நாளில் முடியாது. 0, 3, 7 என்று நாள் கணக்கில் போய் 28-ஆம் நாளில்தான் முடியும். ஒரு வாரம் ஆகிவிட்டதே, இனிமேல் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். குட்டி நன்றாகத்தானே ஓடியாடுகிறது என்று நீங்களே முடிவு செய்யவும் வேண்டாம். நாளைக் காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், டி.டி. ஊசி தேவையா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

வெறிநோய் பயம் இல்லாவிட்டாலும் பூனைக்கடியைச் சாதாரணமாக எடுக்கக் கூடாது. அதன் கோரைப்பல் ஊசி மாதிரி. வெளியே பார்த்தால் ஒரு சின்னப் புள்ளி, உள்ளே ஆழம். மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும். பூனை வாயில் எப்போதும் குடியிருக்கும் பாஸ்டுரெல்லா என்ற கிருமி உள்ளே மாட்டிக்கொண்டு, ஒரே நாளில் கையை வீங்க வைத்துவிடும். விரல் மூட்டில் பட்ட கடி சிவந்து வீங்கினால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். குட்டிக்கு 12 வாரம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள். பூனைகளுக்கான மற்ற முக்கியமான தடுப்பூசியை இப்போதே தொடங்கலாம்.

சரி, இது ஏன் கடிக்கிறது?

தாயோடும் உடன்பிறப்புகளோடும் வளரும் குட்டிகளை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்திருந்தால் உங்களுக்கே புரிந்திருக்கும். நாலு வாரத்திலிருந்தே ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரளும். ஒன்று கொஞ்சம் அழுத்திக் கடித்தால் கடிபட்டது கீச்சென்று கத்தும், திருப்பிக் கடிக்கும், அல்லது எழுந்து போய்விடும். விளையாட்டு அங்கேயே நின்றுபோகும். கடித்த குட்டி முழித்துக்கொண்டு நிற்கும். இப்படி ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை. "இவ்வளவு அழுத்தினால் ஆட்டம் கலைந்துவிடும்" என்கிற அளவு அதன் தாடைக்குப் பழகிப்போவது இப்படித்தான். தாய்ப்பூனையும் தன் பங்குக்கு வாலில் தொங்குவதை ஒரு தட்டுத் தட்டி ஒதுக்கிவிடும். இந்தப் பள்ளிக்கூடம் முக்கியமாக நடப்பது நாலாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினாலாவது வாரம் வரை. உங்கள் குட்டி பள்ளிக்கூடம் திறந்த அன்றே அங்கிருந்து வந்துவிட்டது. அதன்பேரில் தப்புச் சொல்ல முடியாது, உங்கள் பேரிலும் சொல்ல முடியாது. நீங்கள் எடுக்காமல் விட்டிருந்தால் அது இன்று உயிரோடு இருந்திருக்காது.

பின்லாந்தில் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் கிட்டத்தட்ட 6,000 வீட்டுப் பூனைகளைப் பற்றி வளர்ப்பவர்களிடம் விவரம் கேட்டு, 2017-இல் ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். எட்டு வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட பூனைகளிடம் மூர்க்கம் அதிகமாக இருந்தது, பதினாலு வாரம் வரை தாயோடு இருந்தவற்றிடம் குறைவாக இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பாலாடையில் ஒற்றையாக வளர்ந்த குட்டி எதுவும் என்னைக் கடிக்காமல் விட்டதில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இன்று யாரோ ஒருவர் மடியில் தூங்கிக்கொண்டிருக்கின்றன. பிந்திச் சேர்ந்தாலும் பாடம் ஏறும், நேரம்தான் கூட ஆகும்.

இரண்டாவது காரணத்தைச் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஐந்து வாரக் குட்டியாக இருந்தபோது அதன் முன்னால் விரலை ஆட்டி விளையாடியது யார்? வயிற்றில் கையை வைத்து உருட்டியது யார்? எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் செய்திருப்பார்கள். உள்ளங்கை அளவுக் குட்டி, அரிசி மணி மாதிரிப் பல், கடித்தால் கூச்சமாக இருக்குமே தவிர வலிக்காது. பார்க்கவும் அழகு. அந்த ஐந்து வாரத்தில் குட்டி கற்றுக்கொண்டது என்னவென்றால், இந்த வீட்டில் எலி என்பது ஐந்து விரலோடு இருக்கும், அது மேலிருந்து இறங்கி வரும். இப்போது பல் பெரிதாகிவிட்டது, நாம் எலியாக இருப்பதை நிறுத்த நினைக்கிறோம். அதற்கு எப்படித் தெரியும்?

அதனால் நான் சொல்லப்போவது எல்லாம் ஒரே விஷயத்தில்தான் போய் நிற்கும். கை எலி இல்லை என்று அதற்குப் புரிய வேண்டும், அதே சமயம் வேறொரு எலியை நாம் கொடுத்தாக வேண்டும். முதலாவதை மட்டும் செய்கிறவர்கள்தான் தோற்றுப்போகிறார்கள். வேட்டையாடும் ஆசையை அடக்க முடியாது, வேறு பக்கம் திருப்பிவிடத்தான் முடியும்.

கடிக்கும் அந்த நொடியில் என்ன செய்வது? கையை இழுக்காதீர்கள். இழுக்கத்தான் தோன்றும், ஆனால் தப்பித்து ஓடுகிற இரைதான் பூனைக்கு வெறியேற்றும். இழுத்தால் பிடி இறுகும், கீறலும் நீளமாக விழும். மகள் கையிலிருக்கிற கோடுகளில் பாதி அவள் கையை இழுத்ததால் வந்தவையாக இருக்கும். கையை அப்படியே செத்ததுபோல் விட்டுவிடுங்கள். பிடி விடவில்லையென்றால், குட்டியின் வாய்ப் பக்கமாகவே கையை மெதுவாக ஒரு நூலளவு தள்ளுங்கள். எந்த இரையும் வாய்க்குள் வராது, அதனால் குழம்பிப்போய் விட்டுவிடும். விட்டதும் எழுந்து போய்விடுங்கள். திட்ட வேண்டாம், பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், முறைக்கவும் வேண்டாம். அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் வரை அந்தக் குட்டி உலகத்திலேயே இல்லை என்பதுபோல் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். குட்டியைத் தூக்கிக் கொண்டுபோய் வேறெங்காவது அடைப்பதைவிட நாம் எழுந்து போவதுதான் நல்லது. தூக்கும்போது இன்னொரு கடி நிச்சயம், தூக்குவதையே அது விளையாட்டாகவும் எடுத்துக்கொள்ளும்.

"ஆ!" என்று கத்தலாமா என்று கேட்பீர்கள். சின்னதாக ஒரு சத்தம் சில குட்டிகளுக்கு வேலை செய்யும், உடன்பிறப்பின் கீச்சுச் சத்தம் மாதிரி. சில குட்டிகள் அந்தச் சத்தத்திலேயே இன்னும் உற்சாகமாகிவிடும். இரண்டு தடவை செய்து பாருங்கள், உங்கள் குட்டி எந்த ரகம் என்று தெரிந்துவிடும். வீடு அதிரும்படி அலறுவது மட்டும் எந்தக் குட்டிக்கும் உதவாது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதைத் தொடங்கிய முதல் சில நாள் கடி கூடும். இதுவரை கடித்தால் ஆட்டம் கிடைத்தது, இப்போது கிடைக்கவில்லை, ஒருவேளை இன்னும் அழுத்தினால் கிடைக்குமோ என்று அது பார்க்கும். பெரும்பாலான வீடுகளில் இந்த இடத்தில்தான், "இதெல்லாம் சரிப்படாது" என்று கைவிட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் அதிகமாகக் கடித்தால் காரியம் நடக்கும் என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி. அதைவிட மோசம், வீட்டில் ஐந்து பேரில் நாலு பேர் ஒழுங்காக இருந்து ஒருவர் மட்டும் ரகசியமாகக் கையை ஆட்டி விளையாடுவது. எப்போதாவது ஒரு தடவை கிடைக்கிற பரிசுதான் பழக்கத்தை ஆணியடித்து நிறுத்தும். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் என் தம்பி. ஞாயிற்றுக்கிழமை வருவான், போர்வைக்கு அடியில் விரலை நெளித்துக் காட்டுவான், திங்கள்கிழமை காலையில் கடி எனக்கு விழும்.

இப்போது எலியைப் பற்றி. இதற்குத்தான் அதிகம் எழுத வேண்டும், ஏனென்றால் பலர் பொம்மை வாங்கிப் போட்டுவிட்டு, "விளையாடவே மாட்டேங்குது" என்கிறார்கள். தரையில் அசையாமல் கிடக்கும் பொம்மை பூனைக்குக் கல். அதற்கு உயிர் கொடுக்கிறவர் நீங்கள்தான்.

கடையில் தூண்டில் மாதிரிக் குச்சியும் கயிறும் இறகும் வைத்து விற்கிறார்கள். வாங்கலாம், வாங்காமலும் செய்யலாம். இரண்டு முழ நீளத்தில் ஒரு மெல்லிய பிரம்பு, அதன் முனையில் தடிமனான பருத்திக் கயிறு, கயிற்றின் நுனியில் பழைய பனியன் துணியை எலி அளவுக்கு முடிச்சுப் போட்டுக் கட்டினால் போதும். கோழி இறகு கிடைத்தால் கழுவிக் காயவைத்துச் செருகுங்கள். உங்கள் கைக்கும் குட்டியின் பல்லுக்கும் நடுவில் குறைந்தது ஒரு மீட்டர் இருக்க வேண்டும், இந்தக் குச்சியின் முழு நோக்கமும் அதுதான். தென்னந்துடைப்பத்து ஈர்க்குச்சியை உருவி ஆட்டுவது நம் வீடுகளில் பழக்கம், ஆனால் அதன் நுனி கண்ணில் குத்தும், வேண்டாம்.

ஆட்டுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எந்த எலியும் பூனையைப் பார்த்து ஓடி வராது, பூனையை விட்டு ஓடும். துணியைக் குட்டியின் முகத்துக்கு நேரே கொண்டுபோய் ஆட்டினால் அது மிரளும் அல்லது சலித்துக்கொள்ளும். விலகிப் போகிற மாதிரித் தரையோடு இழுங்கள். கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்துங்கள். கதவு ஓரத்தில், மிதியடிக்கு அடியில், நாற்காலிக் காலுக்குப் பின்னால் மறைத்து, நுனியை மட்டும் லேசாக நடுங்கவிடுங்கள். அப்போது குட்டியைக் கவனியுங்கள். தரையோடு பதுங்கும், கண்மணி பெரிதாகும், பின்பக்கம் மட்டும் இடதும் வலதுமாக ஆடும். அந்த ஆட்டம் வந்தால் பாயப்போகிறது என்று அர்த்தம். பாய்ந்தால் பிடிக்கவிடுங்கள். பிடித்து, வாயில் கவ்வி, பின்னங்காலால் உதைத்து, "கொன்று" முடிக்கட்டும். பத்துப் பாய்ச்சலில் ஆறு ஏழாவது அதற்குக் கிடைக்க வேண்டும். கிடைக்கவே கிடைக்காத வேட்டை விளையாட்டில்லை, எரிச்சல். லேசர் விளக்கை நான் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான். வெளிச்சப் புள்ளியைப் பிடிக்க முடியாது. பிடிக்காத எரிச்சலோடு திரும்புகிற குட்டிக்கு முன்னால் உங்கள் பாதம் இருக்கும். கண்ணில் பட்டால் ஆபத்து என்பது வேறு.

ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும், ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை. விடிகாலையும் அந்தி நேரமும் பூனைக்கு ரத்தத்திலேயே வேட்டை நேரம், அதை விட்டுவிடாதீர்கள். முடிக்கும்போது திடீரென்று நிறுத்தக் கூடாது. துணி எலியை மெதுமெதுவாகத் தளரவிட்டு, கடைசியாக ஒரு தடவை நன்றாகப் பிடிக்கவைத்து, உடனே சாப்பாட்டுக் கிண்ணத்தை வைத்துவிடுங்கள். துரத்துவது, பிடிப்பது, கொல்வது, தின்பது, உடம்பை நக்கிச் சுத்தம் செய்வது, தூங்குவது, இதுதான் பூனையின் ஒழுங்கு. விளையாட்டுக்குப் பின்னால் சாப்பாடு வைத்தால் மீதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். இந்த வயதில் எப்படியும் ஒரு நாளைக்கு நாலு வேளை கொடுக்க வேண்டியிருக்கும், அந்த நாலோடு இந்த நாலைச் சேர்த்துவிடுங்கள். பசியோடிருக்கும் குட்டி கூடுதலாகக் கடிக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். பால்சோறு அதற்குப் போதாது. பூனைக்கு மாமிசம் வேண்டும், வேகவைத்த மீனோ கோழியோ குட்டிகளுக்கான தீவனமோ. வீட்டில் சைவம் என்றால் தீவனம் ஒன்றே வழி.

கட்டிப்பிடித்து உதைக்கிற ஆசைக்குத் தனியாக ஒரு பொம்மை செய்யுங்கள். பழைய சாக்ஸுக்குள் கந்தல் துணியைத் திணித்து, வாயை இறுக்கித் தைத்தால் உங்கள் முன்கை நீளத்துக்கு ஒரு உருளை கிடைக்கும். குட்டி உங்கள் கையைப் பார்த்துக் காதைப் பின்னால் சாய்க்கும்போதே, கடிப்பதற்கு முன், அதை நடுவில் நீட்டிவிடுங்கள். கடித்த பிறகு நீட்டினால், கடித்ததற்குப் பரிசு மாதிரி ஆகிவிடும். அட்டைப்பெட்டி, கசக்கிய செய்தித்தாள், டேபிள் டென்னிஸ் பந்து எல்லாம் நல்லவைதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தால் பழசாகாது.

நூல் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பூக்கட்டும் நார், தையல் நூல், ஜரிகை இழை, ரப்பர் பேண்ட் எதையும் தரையில் விடக் கூடாது. பூனையின் நாக்கில் உள்நோக்கிய முட்கள் இருக்கின்றன, நூல் ஒட்டினால் துப்பத் தெரியாது, விழுங்கத்தான் தெரியும். குடலுக்குள் போன நூல் குடலைச் சுருக்குப்பை மாதிரி சுருட்டிவிடும், அறுவை சிகிச்சைதான். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். நீங்கள் செய்த தூண்டில் குச்சியும் ஆட்டம் முடிந்ததும் அலமாரிக்குள் போய்விட வேண்டும்.

கணுக்கால் விவகாரத்துக்கு வருவோம். புடவை கட்டி நடந்தால் கொசுவம் விசிறிக்கொண்டு போகும், நைட்டி ஓரம் தரையில் தவழும், வேட்டி நுனி ஆடும். குட்டியின் கண் உயரத்தில் இதைவிட நல்ல வேட்டை வேறு என்ன இருக்கிறது? பாதத்தில் பாய்ந்தால் அந்த இடத்திலேயே தூணாக நின்றுவிடுங்கள். காலை உதறாதீர்கள், உதறினால் குட்டி சுவரில் போய் அடிபடும். அது விட்டதும் நடங்கள். வழக்கமாக அது எங்கே ஒளிந்துகொண்டு பாய்கிறது என்று உங்களுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் அது குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து. அந்த இடத்தைத் தாண்டும்போது ஒரு பந்தை முன்னால் உருட்டிவிட்டு நடப்பேன். குட்டி பந்தின் பின்னால் போகும், நான் அடுப்பைப் பார்க்கப் போவேன். மாமியாருக்கு நடை தடுமாறும் வயது என்றால் இது விளையாட்டு விஷயமில்லை. குட்டி துள்ளும் நேரத்தில் அவர் நடமாடுகிற பக்கம் அதை விடாமல் கதவைச் சாத்திவையுங்கள்.

மகளுக்கு ஒரே விதி: குட்டியோடு விளையாட வேண்டுமென்றால் கையில் குச்சி இருக்க வேண்டும். வெறுங்கையோடு விளையாட்டு இல்லை. அதுவும் பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருக்கும்போது மட்டும். குட்டி கடித்ததும் ஆறு வயதுக் குழந்தை கத்திக்கொண்டு ஓடும், ஓடினால் குட்டி துரத்தும், அதற்குப் பின் இரண்டு பேரையும் குறை சொல்லிப் பயனில்லை. "மரமாயிடு" என்று சொல்லிக்கொடுங்கள். கடித்தாலும் துரத்தினாலும் மரம் மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். குழந்தைகளுக்கு இது பிடிக்கும், ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார்கள். தூங்குகிற குட்டியைத் தொடக் கூடாது, சாப்பிடுகிற குட்டியைத் தொடக் கூடாது. குட்டியின் நகநுனியை இரண்டு வாரத்துக்கொரு முறை வெட்டிவிட்டால் கீறலும் குறையும். கண்ணாடி மாதிரித் தெரிகிற நுனியை மட்டும்தான் வெட்ட வேண்டும், இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தம் ஓடும் இடம்.

பக்கத்து வீட்டில் சொன்ன யோசனைகளையும் எழுதியிருந்தீர்கள். மூக்கில் சுண்டுவது, தண்ணீர் தெளிப்பது, கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கி உலுக்குவது, கையில் தைலம் தடவிக்கொள்வது. எதுவும் வேண்டாம். மூக்கில் சுண்டினால் முகத்துக்கு நேரே வருகிற கை எதிரி என்று அது படித்துக்கொள்ளும், நாம் இத்தனை நேரம் பேசியதற்கு நேர் எதிரான பாடம். தண்ணீர் தெளித்தால் நீங்கள் இருக்கும்போது மட்டும் சும்மா இருக்கும். தாய்ப்பூனை கழுத்தைக் கவ்வித் தூக்குவது இடம் மாற்றுவதற்கு, தண்டிப்பதற்கு அல்ல. தைலம்தான் இவற்றில் ஆபத்தானது. கற்பூரமும் நீலகிரித் தைலமும் பூனைக்கு விஷம், நக்கியே தின்றுவிடும்.

விளையாட்டில் வரும் கடி வேறு, தடவும்போது வரும் கடி வேறு. மடியில் படுத்து முனகிக்கொண்டிருந்த குட்டி திடீரென்று திரும்பிக் கடித்தால், "போதும்" என்கிறது. அதற்கு முன்பே சொல்லியிருக்கும், நாம்தான் கவனித்திருக்க மாட்டோம். வால் நுனி துடிக்கும், முதுகுத் தோல் சிலிர்க்கும், முனகல் நின்றுபோகும், காது பக்கவாட்டில் திரும்பும். நாலைந்து தடவை தடவிவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். தலையைக் கொண்டுவந்து முட்டினால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். மல்லாந்து வயிற்றைக் காட்டுவதை அழைப்பு என்று நினைக்காதீர்கள். உங்களை நம்புகிறேன் என்கிறது, அவ்வளவுதான். அங்கே கை வைத்தால் நாலு காலும் வாயும் சேர்ந்து மூடிக்கொள்ளும்.

அடுத்த இரண்டு மாதத்துக்குள் இன்னொரு கட்டம் வரும். மூன்றரை, நாலு மாதத்தில் பால்பல் 26-உம் விழ ஆரம்பித்து, ஆறு ஏழு மாதத்துக்குள் 30 நிரந்தரப் பற்கள் முளைத்துவிடும். ஈறு ஊறுவதால் கண்டதையும் கடிக்கும். மொபைல் சார்ஜர் வயரையும் கடிக்கும், மறைத்து வையுங்கள். ஈரத்துணியைச் சுருட்டி ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் வைத்து மெல்லக் கொடுத்தால் இதமாக இருக்கும். வலிக்கிறதே என்று நம் மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். தரையில் அரிசி மாதிரிப் பல் கிடந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் விழுங்கிவிடும், அதுவும் பரவாயில்லை.

எது விளையாட்டு, எது விளையாட்டில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். விளையாட்டுப் பெரும்பாலும் சத்தமில்லாதது. முதுகை வளைத்து, வாலைப் புசுபுசுவென்று ஆக்கிக்கொண்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் துள்ளி வந்தாலும் அது கூத்துதான். சீறினால், உறுமினால், மூலையில் ஒடுங்கிக் காதைத் தலையோடு ஒட்டவைத்தால் அது பயம். அப்போது விலகி இருங்கள், விளையாட்டுப் பொம்மையையும் நீட்டாதீர்கள். உடம்பில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொட்டால் மட்டும் கடிக்கிறது, அல்லது சாதுவாக இருந்தது திடீரென்று கடிக்கத் தொடங்கியது என்றால் அங்கே வலி இருக்கிறது, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொரு குட்டி வாங்கினால் சரியாகுமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். உண்மையைச் சொன்னால், நான் எழுதியவை எல்லாவற்றையும்விட அது வேகமாக வேலை செய்யும். ஏறக்குறைய இதே வயதில், உடன்பிறப்புகளோடு வளர்ந்த குட்டி ஒன்று வந்தால் விட்டுப்போன பாடத்தை அதுவே எடுத்துவிடும், உங்கள் கைக்கும் விடுதலை. ஆனால் இரண்டு ஊசி, இரண்டு கருத்தடை, இரண்டு பங்கு தீவனம், பதினைந்து வருடம். மாமியார் ஒன்றுக்கே முகம் சுளிக்கிற வீட்டில் இரண்டாவதைக் கொண்டுவந்து இறக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதை நீங்கள் முடிவு செய்யுங்கள். ஆனால் இந்தக் குட்டியைக் கொண்டுபோய்த் தெருவில் விடுவது மட்டும் வேண்டாம். பாலாடையில் வளர்ந்ததற்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஆள் பார்த்து, கடிக்கும் என்று சொல்லிக் கொடுங்கள்.

எத்தனை நாளாகும்? வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி நடந்தால் மூன்று வாரத்தில் அழுத்தம் குறைவது தெரியும் என்பது என் அனுபவம். வாயில் கையை எடுத்தாலும் பல்லை இறக்காமல் விட்டுவிடும். முதல் தடவை அது நடக்கும்போது கவனியுங்கள், சந்தோஷமாக இருக்கும். முழுதாக நிற்க ஆறேழு மாத வயதாவது ஆகும். ஒரு வயதுக்குப் பின் விளையாட்டு வெறியே தணிந்துவிடும்.

ராத்திரி இரண்டு மணிக்குக் கால் கட்டைவிரலைக் கடிப்பதற்கு: பகலெல்லாம் தூங்கவிட்டால் ராத்திரி விழித்திருக்கத்தான் செய்யும். படுக்கப்போகும் முன் பத்து மணி வாக்கில் நாளின் பெரிய ஆட்டத்தை ஆடி, நாளின் பெரிய சாப்பாட்டைக் கொடுத்துவிடுங்கள். மெல்லிய போர்வைக்குப் பதில் தடிமனான ஜமக்காளத்தைக் காலில் போட்டுக்கொள்ளுங்கள், கடித்தாலும் காலை அசைக்காதீர்கள். தாங்க முடியவில்லையென்றால், தண்ணீர், அது கழிவு கழிக்கும் மண் தட்டு, சாக்ஸ் பொம்மையோடு குட்டியைக் கூடத்தில் விட்டுக் கதவைச் சாத்துங்கள், ஒரு வாரம் கத்தும், பழகிவிடும். மகள் கொலுசு போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாளா? தூக்கத்தில் அவள் புரளும்போதெல்லாம் அது குட்டியைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கொஞ்ச மாதத்துக்குக் கழற்றிவைத்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள்.